நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய் – இ.எஸ்.ஐ. வந்த கதை



ஆண்டு விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அக்கா கேட்டபோது, எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றுதான் முதலில் சொன்னேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். "தையல் கூடத்துக்காக நீதானே இ.எஸ்.ஐ. ஆபீசுக்கு நடையா நடந்தே? அதையே எழுது அம்மிணி" என்றார்.

நடந்ததை மட்டும் எழுதினால் கால் பக்கத்தில் முடிந்துவிடும். அந்த இ.எஸ்.ஐ. எப்படி வந்தது, ஏன் அப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் அதன் அருமை எனக்கே புரிந்தது. எங்கள் பக்கத்து வீதியில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவர் சொன்னதையும், அவர் கொடுத்த பழைய புத்தகங்களில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவும் சித்தியும்

என் அம்மா நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் ஓட வேண்டும். தலையெல்லாம் பஞ்சோடுதான் வீட்டுக்கு வருவார். 1991-ல் என் தம்பி பிறந்தான். அப்போது அம்மா 12 வாரம் வீட்டில் இருந்தார். அந்த 12 வாரத்துக்கும் இ.எஸ்.ஐ. ஆபீசில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார். பிறகு அதே மில்லுக்கு, அதே மிஷினுக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது ஒரு சின்னப் பட்டறையில் வேலை. அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது. சித்திக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது வயிறு தெரிய ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை கூலியைக் கையில் கொடுத்து, "திங்கக்கிழமை வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். சண்டை இல்லை, திட்டு இல்லை. அவ்வளவுதான். பிரசவத்துக்குச் சித்தி வாங்கிய வட்டிக் கடனைக் கட்டி முடிக்க நாலு வருஷம் ஆனது.

இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பெண்கள். ஒரே மாதிரி உழைத்தவர்கள். ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு ஒன்று ஏன் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பட்டறைக்காரர் கெட்டவர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், ஆள் நல்லவரா கெட்டவரா என்பதோடு விஷயம் முடியவில்லை. செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் வந்தது வெளிநாட்டில்

தொழிலாளிக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு முதலில் சட்டம் போட்டு வழி செய்தது ஜெர்மனி. 1883-ல் பிஸ்மார்க் ஆட்சியில் அந்தச் சட்டம் வந்தது. தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கு கட்ட வேண்டும், முதலாளி ஒரு பங்கு கட்ட வேண்டும். நோய் வந்தால் வைத்தியம் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம், 13 வாரம் வரை.

பிறகு 1911-ல் இங்கிலாந்தில் இதேபோல் ஒரு சட்டம் வந்தது. வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ். நாலு போட்டால் ஒன்பது என்று சொல்லியே மக்களிடம் கொண்டுபோனார்கள்.

அப்போது நம்மை ஆண்டதும் அதே இங்கிலாந்துதான். ஆனால் அங்கே வந்தது இங்கே வரவில்லை. கோயமுத்தூரில் முதல் நூல் மில் 1888-லேயே வந்துவிட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று பெருகின. பஞ்சுத் தூசியில் நின்ற ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கூலி இல்லை. தாலிக்கொடியை அடகு வைப்பதுதான் வைத்தியச் செலவுக்கு வழி.

ஒரே தலையில் வைத்த சுமை

பிரசவத்துக்கு மட்டும் முதலில் சட்டம் வந்தது. 1929-ல் பம்பாய் மாகாணத்தில் வந்தது. 1934-ல் நம் சென்னை மாகாணத்திலும் வந்தது. பிரசவ காலத்தில் மில்லில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டங்கள் சொல்லின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் முழுப் பணத்தையும் அந்தப் பெண் வேலை பார்க்கும் மில் முதலாளியே கொடுக்க வேண்டும். அதனால் என்ன ஆனது? பெண்களை வேலைக்கு வைத்தால் செலவு, ஆண்களை வைத்தால் செலவு இல்லை என்று கணக்குப் போட்டார்கள். கல்யாணம் ஆன பெண்ணை எடுக்கத் தயங்கினார்கள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தினார்கள். பெண்ணுக்கு நல்லது செய்ய வந்த சட்டமே அவள் வேலைக்கு வினையாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தியின் சனிக்கிழமைதான் ஞாபகம் வந்தது. சுமை முழுவதையும் ஒருவர் தலையில் வைத்தால், அவர் இறக்கி வைக்கத்தான் பார்ப்பார். கடைசியில் அது இருப்பவர்களில் எளியவர் மேல்தான் விழும்.

அடார்க்கர் போட்ட திட்டம்

தொழிலாளர் நிலைமையைப் பார்க்க வந்த விட்லி கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்தது. நோய்க்கு ஒரு காப்பீடு வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. 1943-ல்தான் பேராசிரியர் பி.பி. அடார்க்கர் என்பவரிடம் திட்டம் போடச் சொன்னார்கள். அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1944-ல் அடார்க்கர் தன் அறிக்கையைக் கொடுத்தார். இஷ்டப்பட்டவர் மட்டும் சேரலாம் என்று வைக்கக் கூடாது, எல்லோரும் கட்டாயம் சேர வேண்டும், தொழிலாளியும் கொஞ்சம் போட வேண்டும், முதலாளியும் போட வேண்டும் என்பது அதன் சாரம்.

பிறகு சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். நோய்க்கு மட்டும் என்று இல்லாமல் பிரசவ உதவியையும், வேலையில் அடிபட்டால் கொடுக்கும் ஈட்டுத் தொகையையும் இதே திட்டத்துக்குள் சேர்க்கச் சொன்னார்கள். நமக்கு அதுதான் பெரிய விஷயம். பிரசவச் செலவு ஒரு முதலாளியின் கையிலிருந்து போகாமல், எல்லோரும் போட்ட பொதுப் பணத்திலிருந்து போகும். ஒரே சம்பளம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் முதலாளி கட்டும் சந்தா ஒன்றுதான். பெண்ணை வைத்தால் கூடுதல் செலவு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், 1948 ஏப்ரலில், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆனால் உடனே ஆரம்பிக்க முடியவில்லை. எந்த ஊரில் முதலில் ஆரம்பித்தாலும் அந்த ஊர் முதலாளிகள், "நாங்க மட்டும் கட்டினா எங்க துணி விலை ஏறும், பக்கத்து ஊர்க்காரன் மலிவா வித்துட்டுப் போயிடுவான்" என்று சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. அதனால் 1951-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாடு முழுவதும் உள்ள முதலாளிகள் கொஞ்சம் கட்ட வேண்டும், திட்டம் வந்த ஊர்க்காரர்கள் சற்றுக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். இங்கேயும் சுமையைப் பரப்பித்தான் வழி கண்டார்கள்.

1952 பிப்ரவரி 24-ம் தேதி கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அன்றே டெல்லியிலும் தொடங்கியது. இரண்டு ஊரும் சேர்த்து 1,20,000 தொழிலாளிகள். நம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது கோயமுத்தூருக்கு, 1955 ஜனவரி 23-ம் தேதி. அப்போதெல்லாம் தொழிலாளிக்கு ஓர் அட்டை இருக்கும், அதில் சந்தாவுக்கு ஸ்டாம்ப் ஒட்டுவார்களாம். ஒரு நாள் கூலி ஒரு ரூபாய்க்குக் கீழே உள்ளவரிடம் பிடித்தம் கிடையாது. முதலில் வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும்தான். பிறகுதான் குடும்பத்துக்கும் வந்தது.

கணக்கு எப்படி நிற்கிறது?

நம்ம ஊரில் விசேஷத்துக்கு மொய் எழுதுகிறோம். ஒரு வீட்டுச் செலவை ஊரே தாங்குகிறது. ஆனால் மொய்யைத் திருப்பி எழுத வேண்டும். இ.எஸ்.ஐ.யில் திருப்ப வேண்டியதில்லை. நோய் வராதவர் போட்ட பணம் நோய் வந்தவருக்குப் போகிறது. அடுத்த வருஷம் அது மாறி வரலாம்.

இன்று நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி கட்டுவது 75 காசு. முதலாளி கட்டுவது 3 ரூபாய் 25 காசு. 2019 ஜூலை வரை இது 1 ரூபாய் 75 காசும், 4 ரூபாய் 75 காசுமாக இருந்தது. பிறகு குறைத்தார்கள். சராசரி நாள் கூலி 176 ரூபாய்க்கு மேல் இல்லாதவர் எதுவும் கட்ட வேண்டாம். முதலாளி பங்கை மட்டும் கட்டுவார்கள். ஆனாலும் அவருக்கு எல்லாப் பலனும் உண்டு.

இவ்வளவு குறைவாக வாங்கிக்கொண்டு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நானும் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். அவர் விரல் விட்டுச் சொன்னார்.

முதலாவது, எல்லோரும் கட்டாயம். இஷ்டம் இருந்தால் சேரலாம் என்று விட்டால் உடம்புக்கு முடியாதவர் மட்டும்தான் சேருவார். நம் குழுவில் கடன் வேண்டும் என்கிறவர் மட்டும் சேமிப்புக் கட்டினால் குழு நிற்குமா? அது மாதிரிதான்.

இரண்டாவது, கட்டுவது சம்பளத்தைப் பொறுத்து, வைத்தியம் நோயைப் பொறுத்து. 8,000 வாங்குபவருக்கும் 20,000 வாங்குபவருக்கும் ஒரே வைத்தியம்.

மூன்றாவது, பணப் பலனுக்கு விதி உண்டு. சாதாரண வைத்தியம் சேர்ந்த நாளிலிருந்தே கிடைக்கும். ஆனால் நோய்க்கால விடுப்புப் பணத்துக்கு, ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. அதற்குப் பிறகு கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. சளி பிடித்தவரெல்லாம் சர்டிபிகேட் கேட்டு நின்றால் பணம் கரைந்துவிடும். நிஜமாகப் படுத்தவருக்கு இல்லாமல் போகும். காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நாள் நோய்கள் 34 இருக்கின்றன. அதற்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும்.

நாலாவது, முதலில் பக்கத்து மருந்தகம், அங்கே முடியாவிட்டால்தான் பெரிய ஆஸ்பத்திரி. எடுத்த எடுப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவும் பெரிதாகும். வைத்தியச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது.

பிரசவத்துக்கு மட்டும் இந்தக் கறார் இல்லை. முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், முழுக் கூலி. முந்தைய இரண்டு சந்தா காலத்தில், அதாவது ஒரு வருஷத்தில், 70 நாள் சந்தா கட்டியிருந்தால் போதும். அம்மா காலத்து 12 வாரம் இன்று 26 வாரமாகிவிட்டது.

குறையும் உண்டு

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் மலரைப் படிக்கிற மில்லுக்காரப் பெண்கள் என்னை ஏசுவார்கள். வரிசையில் நின்று ஒரு ஷிப்ட் கூலி போனது, மாத்திரை இல்லை வெளியே வாங்கிக்கொள் என்றது, ஒரு கையெழுத்துக்கு மூன்று நடை நடந்தது எல்லாம் நமக்குத் தெரியும். திட்டத்தில் எழுதியிருப்பது வேறு, ஜன்னலில் கிடைப்பது வேறு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

சம்பள வரம்பும் ஒரு பிரச்சினை. 1952-ல் மாதம் 400 ரூபாய் வரை வாங்குபவர் உள்ளே. 2010-ல் 15,000. 2017 ஜனவரியிலிருந்து 21,000. சம்பளம் ஏறுகிற வேகத்துக்கு வரம்பு ஏறாவிட்டால், பல வருஷம் சந்தா கட்டியவர் வயதான காலத்தில் வெளியே போய்விடுவார்.

இதற்குப் பெரியவர் ஒன்று சொன்னார். "காசு குடுத்தவங்களுக்குக் கேள்வி கேக்கற உரிமை இருக்குதுங்க. சும்மா வந்ததுன்னா வாய மூடிட்டு வந்துருவோம். இது நம்ம சந்தா." இ.எஸ்.ஐ. கழகத்தில் முதலாளிகள், டாக்டர்கள், அரசாங்கத்தார் மட்டுமில்லை, தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். குறையைச் சொல்ல வழி இருக்கிறது. சொல்லத்தான் ஆள் வேண்டும்.

ஒன்பதா, பத்தா?

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

நம் கூட்டமைப்பின் தையல் கூடத்தில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். சீருடை ஆர்டர் கூடியது. பத்தாவது ஆள் எடுக்க வேண்டும். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. கட்டாயம். ஒரு முறை உள்ளே போய்விட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. இது தெரிந்ததும் கூட்டத்தில் ஒரே சத்தம்.

"ஒன்பதோட நிறுத்திக்கலாமுங்க. மிச்சத்த வீட்டுக்குக் குடுத்துத் தெச்சு வாங்கிக்கலாம்" என்றார் ஓர் அக்கா. "நாம என்ன மில்லா நடத்தறோம்? இருக்கற லாபமே கொஞ்சம்" என்றார் இன்னொருவர். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூட்டமைப்புப் பணம் என்ற அக்கறையில்தான் சொன்னார்கள். எனக்கும் கொஞ்ச நேரம் அதுதான் சரி என்று பட்டது.

பிறகுதான் உறைத்தது. இதே கணக்கைத்தான் அந்தக் காலத்து மில்காரர்களும், சித்தியின் பட்டறைக்காரரும் போட்டார்கள். இப்போது முதலாளி இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த இடத்தில் உட்கார்ந்தால் நமக்கும் அதே யோசனைதான் வருகிறது.

நான் எழுந்து சித்தி கதையைச் சொன்னேன். கணக்கையும் சொன்னேன். ஒரு பெண்ணுக்குச் சம்பளம் 10,000 என்று வைத்தால் அவள் கட்டுவது 75 ரூபாய், கூட்டமைப்பு கட்டுவது 325 ரூபாய். பத்துப் பேருக்கு 3,250. மாதம் 2,600 உருப்படி தைக்கிறோம். ஒரு உருப்படிக்கு 1 ரூபாய் 25 காசு வருகிறது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "எங்ககிட்ட 75 ரூபாய் பிடிச்சா பிடிக்கட்டுங்க அக்கா. போன ஆடியில காய்ச்சல்ல பன்னண்டு நாள் படுத்திருந்தேன். கூலியும் போச்சு, தோடும் அடகுக்குப் போச்சு. இன்னும் மீட்கலை."

அன்றே முடிவு ஆகவில்லை. இரண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் பத்தாவது ஆளை எடுப்பது, இ.எஸ்.ஐ.யில் பதிவது என்று தீர்மானம் போட்டோம். பொருளாளர் அக்காவும் நானும் நாலு முறை அலைந்தோம். ஆதார் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக் ஒரு மாதிரி என்று பெயர் ஒத்துப்போகாமல் இரண்டு பேருக்குத் தாமதம் ஆனது. அதுவும் சரியானது.

லாபம் முன்பு மாதிரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் உடம்புக்கு முடியவில்லை என்று யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. புது ஆளுக்குப் பழக்கிவிடும் செலவும் துணி வீணாவதும் குறைந்திருக்கிறது. அந்தப் பத்தாவது ஆளாக வந்த பெண்ணுக்கு இப்போது ஐந்தாம் மாதம். 70 நாள் சந்தா எப்போதோ தாண்டிவிட்டது. "பிரசவம் ஆகி நான் திரும்பி வர்ற வரைக்கும் என் மிஷின யாரும் ஒடைச்சுப் போட்றாதீங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் மகளோ மருமகளோ வேலைக்குப் போகிறாள் என்றால் இன்றைக்கே கேளுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? அவளுடைய பத்து இலக்கக் காப்பீட்டு எண் எது? குடும்பத்தார் பெயரெல்லாம் சேர்த்திருக்கிறதா? பிடித்தம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிற இடமும் உண்டு. எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நோய் வந்த பிறகு தேடாதீர்கள்.

நம்மில் பாதிப் பேருக்கு மேல் மாடு வைத்திருக்கிறோம், நூறு நாள் வேலைக்குப் போகிறோம், சின்னக் கடை வைத்திருக்கிறோம். நமக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவுக்கு உதவும். படுத்த நாளின் கூலியை அது தராது. அதற்கு நம் கூட்டமைப்பிலேயே ஓர் உடல்நல நிதி வைத்தால் என்ன என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். எல்லோரும் கட்ட வேண்டும், விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் சின்னப் பணமும் நிற்கும் என்று இந்தக் கதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

கூட்டத்துக்கு வாருங்கள். வேண்டாம் என்று நினைப்பவர்களும் வந்து ஏன் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் தையல் கூடத்துக்கும் அப்படிப் பேசித்தான் வழி பிறந்தது.